பொறுத்துக்கலாம் என்றாள் அண்ணி

வீட்டில் எல்லோரும் அவளைத் துபாஷி என்றுதான் கூப்பிட்டார்கள். இரண்டு பாஷை தெரிந்து நடுவில் நின்று சொல்கிற ஆளுக்கு அந்தக் காலத்துப் பெயர் அது. வேலை கிடைத்ததால் வந்த பெயர் என்று நினைக்க வேண்டாம். பெயர்தான் முதலில் வந்தது. வேலை பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

அவளுடைய அப்பாவும் அம்மாவும் ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு வருஷக்கணக்காக நேருக்கு நேர் பேசாதவர்கள். என்ன சண்டை, எப்போது தொடங்கியது என்பது அவர்களுக்கே மறந்திருக்கும். ஆனாலும் குடித்தனம் ஓட வேண்டுமே. சோறு ஆறுதுன்னு உங்கப்பாகிட்ட சொல்லு என்பாள் அம்மா. சட்டைக்குப் பொத்தான் வெச்சாச்சான்னு உங்கம்மாகிட்ட கேளு என்பார் அப்பா. கையெட்டும் தூரத்தில் இருக்கும் இரண்டு பேருக்கு நடுவே நின்று, குழந்தை கேட்டதைக் கேட்டபடி சொன்னாள். அப்பா எரிச்சலில் ‘இந்த வீட்ல மனுஷன் இருப்பானா’ என்றால், அவளும் அம்மா பக்கம் திரும்பி, இடுப்பில் கை வைத்து, அதே குரலில் ‘இந்த வீட்ல மனுஷன் இருப்பானா’ என்பாள். அண்ணனைக் கட்டிக்கொண்டு அந்த வீட்டுக்கு வந்த அண்ணி, வந்த வாரமே இந்தக் கூத்தைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்குள் ஓடினாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, நல்ல துபாஷியைத்தான் பெத்து வெச்சிருக்காங்க என்று அந்தப் பெயரைச் சூட்டியவள் அவள்தான்.

அந்தக் குழந்தைக்கு இப்போது காதோரம் நரைத்துவிட்டது. அண்ணனும் அண்ணியும் கடல் தாண்டிப் போய் அங்கேயே வேர்விட்டுவிட்டார்கள். துபாஷிக்கு வாய்த்ததும் வாய்ச்சொல் பிழைப்புதான். தூர தேசத்து ஆஸ்பத்திரியில் இங்கிலீஷ் மட்டும் தெரிந்த டாக்டர் ஒரு பக்கம், தமிழ் மட்டும் பேசும் நோயாளி ஒரு பக்கம். நடுவில் தொலைபேசி வழியாக இவள் புகுந்து, அங்கே சொன்னதை இங்கேயும் இங்கே சொன்னதை அங்கேயும் கொண்டுபோய்ச் சேர்ப்பாள்.

துணிமணி அடுக்குகிற சின்ன அறைதான் அவளுக்கு ஆபீஸ். தெருச்சத்தம் உள்ளே வராமலிருக்க, நாலு சுவரிலும் பழைய கம்பளிகளையும் மெத்தை விரிப்புகளையும் தொங்கவிட்டிருந்தாள். கதவைச் சாத்திவிட்டால் பஞ்சுப் பொதிக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும். காதில் மாட்டுகிறதை மாட்டிக்கொண்டு கண்ணை மூடுவாள். மூடின மாத்திரத்தில் அந்தப் பஞ்சுப்பொதி கரைந்து, எங்கோ ஓர் அறை மெல்ல மெல்லத் திரளும். சக்கர நாற்காலி உருளும் ஒலியில் தரை பளபளக்கும். எஃகுத் தட்டில் ஏதோ விழும் ஒலியில் ஒரு மேசை முளைக்கும். நோயாளி படுக்கும் கட்டிலில் விரித்திருக்கும் காகிதம் சரசரத்தால், அதன் மேல் ஒரு ஆள் வந்து உட்கார்ந்துவிடுவார். சன்னலில் மழை பெய்யும். இங்கே வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும்போதே அவள் அந்த மழையில் குளிர்ந்து தோளைக் குறுக்கிக்கொள்வாள்.

அந்த வேலைக்கு என்று சில விதிகள் உண்டு. கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. கேட்டதை வெளியே மூச்சு விடக் கூடாது. சொந்தக்காரர்கள் வந்தால் சொல்லிவிட்டு விலகிவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: ‘அவருக்கு வலிக்கிறதாம்’ என்று சொல்லக் கூடாது. ‘எனக்கு வலிக்கிறது’ என்றுதான் சொல்ல வேண்டும். யார் பேசினாலும் அவர்களுடைய ‘நான்’ அவளுடைய ‘நான்’. தன் பேச்சாக ஏதாவது சொல்ல நேர்ந்தால் மட்டும், ‘இது துபாஷி பேசுவது’ என்று முன்னால் அறிவித்துவிட்டுச் சொல்ல வேண்டும். காலையில் முட்டி தேய்ந்த கிழவராக இருப்பாள். கொஞ்ச நேரத்தில் நிறைமாத கர்ப்பிணி. மத்தியானச் சாப்பாட்டுக்குள் பல் டாக்டரும் அவரைப் பார்த்து நடுங்குகிறவரும் அவளே. தெருமுனையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அவள் புருஷன், இதையெல்லாம் கேட்டுவிட்டு ஒருநாள், பொழுது சாயறதுக்குள்ள என் பொண்டாட்டியா மாறிடுவியா, இல்ல நான் வேற ஏற்பாடு பண்ணிக்கவா என்று கேட்டார். ஏற்பாடு பண்ற மூஞ்சியைப் பாரு என்றாள் இவள்.

இங்கிலீஷ்காரர்கள் பொறுத்துக்கொள்வதற்கு வைத்திருக்கும் பேச்சுகள் மீது அவளுக்கு ஒரு மயக்கமே உண்டு. முதன்முதலில் ஒரு டாக்டர், தோட்டாவைக் கடித்துக்கொள்ளத்தான் வேண்டும் என்று நோயாளியிடம் சொன்னபோது, துப்பாக்கி எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு ஒரு நொடி மூச்சு நின்றது. மயக்க மருந்து இல்லாத காலத்தில் சிப்பாயின் வாயில் ஈயக்குண்டைக் கொடுத்துக் கடிக்கச் சொல்லிவிட்டுக் காலை அறுத்தார்களாம், அதிலிருந்து வந்த பேச்சு என்று கதை சொல்வார்கள். இளித்துக்கொண்டே சும என்பார்கள். அடியைத் தாடையில் வாங்கு என்பார்கள். தாடையைத் தூக்கி வை என்பார்கள். மேலுதட்டை விறைப்பாக வைத்துக்கொள் என்பார்கள். பிடித்துத் தொங்கிக்கொண்டிரு என்பார்கள். எதைப் பிடித்து என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். வேலை முடிந்து அவள் வெளியே வந்ததும் கண்ணாடிக்காரர் விசாரிப்பார்.

“இன்னைக்கு எத்தனை பேரு தோட்டா கடிச்சாங்க?”

“ரெண்டு பேரு. ஒருத்தர் இளிச்சாரு.”

“மேலுதடு?”

“அது கொஞ்ச நாளா யாருக்கும் விறைக்கல.”

எல்லாம் வாயைச் சுற்றியே இருக்கிறதைக் கவனித்தாயா என்று ஒருநாள் கேட்டார் அவர். கண்ணாடி மாட்டிவிடுகிறவர் இல்லையா, நாளெல்லாம் ஜனங்களின் முகத்தையே பார்க்கிற தொழில். நாம மட்டும் என்னவாம் என்றாள் துபாஷி. பல்லைக் கடித்துக்கொள்கிறோம், உதட்டைக் கடித்துக்கொள்கிறோம், வாயைப் பொத்திக்கொள்கிறோம், விழுங்கிக்கொள்கிறோம். உலகத்தில் எந்த மூலையில் பிறந்தாலும் கஷ்டம் வந்தால் மனுஷனுக்குக் கதவு ஒன்றுதான், அதைச் சாத்திக்கொள்கிறான் என்று பேசிச் சிரித்துக்கொண்டார்கள்.

கடைசி ஒரு வருஷமாக அண்ணியிடமிருந்து வரும் பேச்சு சுருங்கிக்கொண்டே போயிற்று. முன்பெல்லாம் அண்ணி போன் செய்தால், இவள் துணி மடித்து, பாத்திரம் கழுவி, வாசல் பெருக்கி முடிக்கும்வரை பேச்சு ஓடும். அவள் வேலை பார்க்கும் சலவைக்கூடத்தில் யார் யாரோடு பேசவில்லை, யார் படுக்கை விரிப்பை மடிக்கத் தெரியாமல் சுருட்டி வைக்கிறார்கள், அண்ணன் ஊசிக்குப் பயந்து மயங்கி விழுந்து நர்ஸையும் சேர்த்து எப்படிச் சாய்த்தான் என்று ஒவ்வொருவர் குரலிலும் பேசிக் காட்டுவாள். இப்போதோ நாலு வார்த்தை. நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன், அப்புறம் பேசறேன், வெச்சுடவா. சிரிப்பே இல்லை. போன் பண்ணினால் பாதி நாள் எடுப்பதில்லை. வசதி வந்ததும் குரலும் மாறிப்போச்சு என்று சொந்தத்தில் ஒருத்தி சொன்னாள். துபாஷி அவளை மடக்கி விட்டாள். ஆனாலும் சொன்னது உள்ளே போய் முள்ளாகத் தங்கிவிட்டது. அண்ணனைக் கேட்டால், அவளுக்கு என்னவோ பல்லு தகராறு, ஒண்ணைப் பிடுங்கினாங்க, சரியாயிடும் என்றான். அண்ணனுக்கு யாருக்கு என்னவென்றாலும் சரியாயிடும். ஆகாதது எதையாவது சொன்னால் அவனுக்கே ஈரக்குலை நடுங்கிவிடும் என்று யாரும் அவனிடம் சொல்வதுமில்லை.

அன்று மத்தியான வெயிலில், கம்பளிகளுக்கு நடுவே அவள் பாதிக் கண் செருகி உட்கார்ந்திருந்தபோது மணி அடித்தது. எடுத்தாள். மழை. சன்னலில் மெல்லிய மழை. கனிந்த குரலில் ஒரு பெண் டாக்டர், முகத்து நரம்பு அறுவைப் பிரிவிலிருந்து பேசுவதாகச் சொன்னார். துபாஷி வழக்கம்போலத் தன் பாடத்தை இரண்டு பாஷையிலும் ஒப்பித்தாள். வணக்கம், நான் உங்களுக்குத் துபாஷி, நீங்கள் சொல்வதைச் சொன்னபடி சொல்வேன், இங்கே பேசுவது வெளியே போகாது.

கட்டில் காகிதம் சரசரத்தது. ஒரு நீண்ட இடைவெளி.

“சரிம்மா” என்றது நோயாளியின் குரல்.

ஒரே வார்த்தை. கம்பளிச் சுவர் நாலும் அவளை நோக்கி ஓரடி நகர்ந்து வந்த மாதிரி இருந்தது. அண்ணி. கோடிப் பேருக்கு நடுவே கேட்டாலும் தெரியும், அண்ணி.

அந்த நேரமே விலகியிருக்க வேண்டும். இது துபாஷி பேசுவது, இந்த அம்மா எனக்குச் சொந்தம், வேறு ஆளைக் கூப்பிடுங்கள் என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? நாக்கு எழுந்தது, படுத்துக்கொண்டது. தமிழுக்கு இருப்பவர்களே விரல்விட்டு எண்ணுகிற ஆட்கள். வேறு ஆள் கிடைக்காவிட்டால் அண்ணியின் முறை தவறிப்போகும் என்று தனக்கே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள். அது பாதி உண்மை. மீதி உண்மை, அண்ணி பேசப் போகிறாள், கேட்க வேண்டும் போலிருந்தது. அவ்வளவுதான். வேலைக்கென்று வைத்திருக்கும் குரல் வேறு, வீட்டுக் குரல் வேறு. அண்ணிக்கு எங்கே தெரியப் போகிறது என்றும் நினைத்தாள்.

டாக்டர் கேட்டார், துபாஷி தமிழில் கேட்டாள், அண்ணி சொன்னாள், துபாஷி இங்கிலீஷில் சொன்னாள். கன்னத்தில் மின்னல் வெட்டுகிற மாதிரி. வலது பக்கம். காற்றுப் பட்டால் வரும். முகம் கழுவினால் வரும். மென்றால் வரும். பேசினால்?

“பேசினாலும் வரும்” என்றாள் அண்ணி.

‘பேசினாலும் எனக்கு வரும்’ என்று இங்கிலீஷில் சொல்லும்போது துபாஷியின் வலக்கன்னம் விறுவிறுத்தது. பேசினாலும் வருமாம். ஒரு வருஷத்து நாலு வார்த்தைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து அவள் முன்னால் உட்கார்ந்தன. நல்லா இருக்கேன். வெச்சுடவா. ஒவ்வொன்றுக்கும் அண்ணி ஒரு மின்னலைக் கொடுத்துத்தான் வாங்கியிருக்கிறாள். அதையும் இவள் குறைவாக இருக்கிறதென்று மனத்தாங்கல் பட்டாள்.

டாக்டருக்கு அவசரம் இல்லை, ஆனால் தெரிய வேண்டியது ஒன்றுதான் என்பது அவர் கேள்விகளின் போக்கிலேயே விளங்கிவிட்டது. மாத்திரைக்கு வலி அடங்குகிறது என்றால் மாத்திரையோடு போகலாம். அடங்கவில்லை, வாழவே விடவில்லை என்றால் காதுக்குப் பின்னால் திறந்து நரம்பை அழுத்தும் ரத்தக்குழாயை விலக்கி வைக்க வேண்டும். அதை எல்லோருக்கும் செய்துவிட முடியாது. தலைக்குள் கை வைக்கிற காரியம். அதனால்தான் நேரில் வரச் சொல்லிக் கேட்கிறேன் என்றார். வலி தாங்க முடிகிறதா?

துபாஷி தமிழில் கேட்டாள். மழை பெய்தது.

“பொறுத்துக்கலாம்” என்றாள் அண்ணி.

அந்த ஒரு சொல்லுக்கு இங்கிலீஷில் கடை விரித்தாற்போலச் சொற்கள் உண்டு. சுமப்பது ஒன்று. எதிரில் நிற்பது ஒன்று. வயிற்றில் போட்டுக்கொள்வது ஒன்று. அதோடு குடித்தனம் நடத்துவது ஒன்று. எதை எடுத்தாலும் அதன் எடைக்குத் தகுந்தாற்போல டாக்டர் எழுதிக்கொள்வார். அண்ணியின் அகராதியில் பொறுத்துக்கலாம் என்றால் என்ன எடை என்பது துபாஷிக்கு மட்டும் தெரியும். பிரசவ வலியில் சுவரைப் பிறாண்டிக்கொண்டே அண்ணி சொன்ன சொல் அது. ஆனால் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. தராசு நடுங்காமல் ஒரு சாதாரணச் சொல்லை எடுத்து வைத்தாள். தட்டச்சு ஒலித்தது.

சாப்பிட முடிகிறதா? சாப்பிடுறேன். தூக்கம்? தூங்குறேன். மாத்திரையால் தலைசுற்றல்? பெரிசா இல்ல. நடுவே ஒருமுறை காகிதம் கிழிகிற மாதிரி நொறுங்கியது; மூச்சு உள்ளே போனது, வெளியே வரவில்லை. நிதானமாக, நிதானமாக என்றார் டாக்டர். துபாஷி கண்ணை இறுக மூடினாள். அந்த அறை முழுவதும் இப்போது அவளுக்குத் தெரிந்தது. கட்டிலின் விளிம்பைப் பிடித்திருக்கும் அந்தக் கை தெரிந்தது. கடிக்கப் பல் உதவாது, கடித்தால் வரும். இளிக்க முடியாது. உதட்டை இறுக்க முடியாது. தாடையில் வாங்க முடியாது. அங்கேதானே அடியே விழுகிறது. ஜனங்கள் பொறுத்துக்கொள்ள வைத்திருக்கும் இடத்தையெல்லாம் வலி எடுத்துக்கொண்ட பிறகு இந்த மனுஷி எங்கே வைத்துப் பொறுக்கிறாள்?

“ஒண்ணுமில்ல. சும்மாதான்” என்றாள் அண்ணி, மூச்சு திரும்பியதும்.

‘ஒன்றுமில்லை’ என்றாள் துபாஷி இங்கிலீஷில். தன் வாயாலேயே.

டாக்டர் சற்று யோசித்தார். அப்படியானால் இப்போதைக்கு மாத்திரையையே கொஞ்சம் கூட்டிப் பார்ப்போம், அடுத்த வருஷம் மறுபடியும் சந்திக்கலாம் என்றார். கடைசியில் அன்பாகத்தான் சொன்னார், பிடித்துத் தொங்கிக்கொண்டிருங்கள் என்று.

இதைத் தமிழில் சொல்ல வேண்டியது துபாஷியின் முறை. தைரியமா இருங்க, பொறுத்துக்கோங்க என்று ஆயிரம் தடவை சொன்ன வாய்தான். வாயைத் திறந்தாள். தமிழ் வரவில்லை. இங்கிலீஷ் வந்தது.

“என்னால் தாங்க முடியவில்லை” என்றாள் டாக்டரிடம். “இனிமேல் என்னால் தாங்கவே முடியாது.”

அத்தனை நேரம் அண்ணியின் ‘நான்’ ஆக இருந்த பழக்கத்தில், அது யாருடைய ‘நான்’ என்று அவளுக்கே விளங்கவில்லை. தட்டச்சு நின்றது. மழைகூட நின்றுவிட்டதோ என்று தோன்றியது.

டாக்டர் கெட்டிக்காரர். குரலை உயர்த்தவில்லை. அந்த அம்மா ஒன்றும் பேசினது என் காதில் விழவில்லையே, இதை யார் சொன்னது என்று கேட்டார்.

அதே நேரத்தில் அண்ணியும் கேட்டாள். “அவங்ககிட்ட என்ன சொன்னே?”

இரண்டு கேள்வி, நடுவில் ஒருத்தி. சின்ன வயதில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவேகூட இப்படி மாட்டிக்கொண்டதில்லை. துபாஷி முதலில் தமிழுக்குத் திரும்பினாள்.

“உங்களால தாங்க முடியலைன்னு சொல்லிட்டேன்.”

காகிதம் மெல்லச் சரசரத்தது. அண்ணி நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். பிறகு பேசினாள். ஒவ்வொரு துண்டுக்கும் நடுவே நிறுத்தி, வலி தூங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு, தூங்கும் குழந்தையைத் தாண்டி நடப்பவள் மாதிரிப் பேசினாள்.

“நீ வணக்கம் சொன்னப்பவே தெரியும் கண்ணு.”

“அண்ணி...”

“குறுக்க பேசாத. ஒருதரம்தான் சொல்ல முடியும்.” மூச்சு. “நீ கேக்கறேன்னுதான் ஒண்ணுமில்லன்னேன். வேற யாராவது இருந்தா கொட்டியிருப்பேன். அதுக்குத்தான் உங்கண்ணனைக்கூட விட்டுட்டு வந்தேன். முகம் தெரியாத ஒரு ஆள்கிட்ட அழுதுட்டுப் போலாம்னு.” மூச்சு. “வந்து பாத்தா நீ உக்காந்திருக்கே.”

துபாஷி வாயைப் பொத்திக்கொண்டாள். காப்பாற்ற வந்ததாக நினைத்துக்கொண்டிருந்தாள். கதவை அடைத்துக்கொண்டு நின்றவளே அவள்தான்.

“இப்ப நான் சொல்றதை அப்படியே சொல்லு. கூட்டாத. இந்தப் பொண்ணு என் நாத்தனார். இவ முன்னாடி எனக்கு வாய் வராது. வேற ஆளை விடச் சொல்லு.”

டாக்டர் காத்துக்கொண்டிருந்தார். எத்தனையோ பேருக்காக எத்தனையோ சொல்லியிருக்கிறாள். மரணச் செய்திகூடச் சொல்லியிருக்கிறாள். தன்னைத் தானே வெளியே அனுப்புகிற வாக்கியத்தைத் தன் வாயால், ‘நான்’ என்று சொன்னதில்லை.

“இந்தத் துபாஷி என் கணவரின் தங்கை” என்றாள் இங்கிலீஷில். “இவள் முன்னால் என்னால் பேச முடியவில்லை. எனக்கு வேறு ஒருவர் வேண்டும்.”

அப்புறம், விதிப்படி, இது துபாஷி பேசுவது என்று அறிவித்துவிட்டு, முன்பு சொன்னது நோயாளியின் வார்த்தை அல்ல, என்னுடையது, ஆரம்பத்திலேயே நான் விலகியிருக்க வேண்டும், தவறு என்னுடையது என்றாள். டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. எழுதினதை அழித்துவிட்டு முதலிலிருந்து கேட்கிறேன், எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கிறேன் என்று அவரிடம் சொல்லுங்கள் என்றார். துபாஷி அதைத் தமிழில் சொன்னாள். முதலிலிருந்து என்ற சொல்லில் அவள் குரல் தடுக்கியது. முதலிலிருந்து என்றால் அத்தனை மின்னலும் முதலிலிருந்து.

“முதல்லேருந்து சொல்லணும்னா வலிக்குமே அண்ணி.”

“வலிக்கட்டும். சொல்றதுக்கு வலிக்கிறது வேற.” அண்ணி கொஞ்சம் நிறுத்தினாள். “இதெல்லாம் நீ வெளிய யார்கிட்டயும் சொல்லக் கூடாதுல்ல?”

“கூடாது.”

“உங்கண்ணன்கிட்ட?”

“யார்கிட்டயும்.”

“அப்ப நல்ல உத்தியோகம்தான். போ, வெச்சுடு.”

திரையில் தமிழ் ஆட்களுக்கென்று ஒரு வரிசை உண்டு. சும்மா இருப்பவருக்குப் பச்சைப் புள்ளி, பேசிக்கொண்டிருப்பவருக்குச் சிவப்பு. ஒரே ஒரு பச்சை இருந்தது. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி ஓய்ந்த வாத்தியார். மகா நிதானம், ஒரு வாக்கியத்தைத் தூக்கி வைத்து, தூசி தட்டி, பிறகுதான் அடுத்ததை எடுப்பார். அவசரக்கார டாக்டர்கள் அவரைக் கண்டால் ஓடுவார்கள். துபாஷி அழைப்பை அவர் பக்கம் தள்ளிவிட்டாள். பச்சை சிவப்பானது. மழை அறுந்தது. காதில் ஒன்றுமே இல்லை. கம்பளி வாசனை மட்டும்.

மாட்டியிருந்ததை அவள் கழற்றவில்லை. கழற்றினால் அண்ணி இன்னும் தூரமாகப் போய்விடுவாள் போலிருந்தது. கண்ணை மூடினாள். அந்த அறை திரளவில்லை. சத்தம் இல்லாமல் எப்படித் திரளும்? கட்டில் வந்தால் சன்னல் வரவில்லை. டாக்டரின் குரல் வந்தால் அண்ணி உட்கார்ந்திருந்த இடம் வெறும் காகிதமாக இருந்தது. என்ன சொல்லிக்கொண்டிருப்பாள்? சாப்பிடுகிறேன் என்றாளே, எதை, எப்படி? தூங்குகிறேன் என்றாளே, உட்கார்ந்துகொண்டா? சொல்லிவிட்டாளா, இல்லை வாத்தியாரிடமும் பொறுத்துக்கலாம் என்கிறாளா? தெரியாது. தெரியவும் போவதில்லை. தெரிந்ததை அண்ணனிடம் சொல்லவும் முடியாது. இனிமேல் வருகிற நாலு வார்த்தைப் பேச்சில், நல்லா இருக்கேன் என்று அண்ணி சொல்லும்போது, அப்படியா அண்ணி என்று வழக்கம்போலக் கேட்டுக்கொள்ள வேண்டும். இதற்கு இங்கிலீஷில் என்ன சொல்வார்கள் என்று தேடினாள். ஒன்றும் சரியாக வரவில்லை. தமிழிலும் வரவில்லை.

சிவப்புப் புள்ளி அப்படியே இருந்தது.

கண்ணாடிக்காரர் சாப்பாட்டுக்கு வந்து, கதவை விரற்கடை திறந்து எட்டிப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் அன்றைக்குத் தோட்டா விசாரிக்கவில்லை. முகம் பார்க்கிற தொழில். யார் என்று மட்டும் உதட்டசைவால் கேட்டார்.

“ஒரு அம்மா” என்றாள் துபாஷி.

“பேசிட்டிருக்காங்களா?”

“என்கிட்ட இல்ல.”

அவர் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, உள்ளே இடமில்லாவிட்டாலும் வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டார். திறந்த கதவு வழியாக வந்த வெயில் கம்பளிகள் மேல் ஏறியது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நகர்ந்தது. வாத்தியாரின் நிதானத்தை இதுவரை கேலி பண்ணியவள் அவள். இன்று மனசுக்குள் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். மெதுவா கேளுங்க வாத்தியாரே. அவங்க நிறுத்தி நிறுத்தித்தான் பேசுவாங்க. நிறுத்தினா முடிஞ்சுதுன்னு நினைச்சுடாதீங்க. புள்ளி சிவப்பாக இருக்க இருக்க, அண்ணிக்கு வலிக்கிறது என்று அர்த்தம். புள்ளி சிவப்பாக இருக்க இருக்க, அண்ணி சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்றும் அர்த்தம். அணைந்துவிடக் கூடாதே என்று இருந்தது. அணைந்தால் தேவலையே என்றும் இருந்தது.

தூக்கம் மாதிரி ஒன்று வந்து போனது. அதில் அண்ணி ஒரு நீளமான விரிப்பை உதறிக்கொண்டிருந்தாள். மறுமுனையை யாரோ பிடித்திருந்தார்கள், முகம் தெரியவில்லை. மடிக்க மடிக்க அது நீண்டுகொண்டே போனது. அண்ணி அலுத்துக்கொள்ளாமல் மடித்துக்கொண்டே இருந்தாள்.

கண் விழித்தபோது புள்ளி பச்சையாக இருந்தது.

வெகு நேரம் ஒன்றுமில்லை. பிறகு திரையின் கீழ்ப்பக்கத்தில், வரப்போகிற வேலைகள் விழுகிற இடத்தில், புதிதாக ஒரு வரி விழுந்தது. முகத்து நரம்பு அறுவைப் பிரிவு. தமிழ். பெண் நோயாளி. அறுவைக்கு முன் நோயாளியோடும் கணவரோடும் பேச்சு. யாராவது ஏற்கலாம்.

கணவரோடும். அண்ணனிடம் சொல்லப்போகிறாள்.

துபாஷி அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். வலக்கை தானாக எழுந்து, ஏற்கிறேன் என்ற கட்டத்துக்கு மேலே போய் நின்றது. ஒரு தட்டு தட்டினால் போதும். மறுபடியும் மழை கேட்கும், மறுபடியும் அந்தக் குரல் கேட்கும். விரலை மடக்கினாள். கையை எடுத்து மடியில், இன்னொரு கைக்குக் கீழே வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் அந்த வரி யாரும் தொடாமல் கிடந்தது. அப்புறம் அதன் பக்கத்தில் வாத்தியாரின் பெயர் ஏறியது, அவருக்கே உரிய நிதானத்தோடு.

“பசிக்குது” என்றாள் துபாஷி.

வாசற்படியில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்த கண்ணாடிக்காரர் திடுக்கிட்டு, அந்தம்மா பேசி முடிச்சாங்களா என்று கேட்டார்.

“முடிச்சாங்க” என்று சொல்லி, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.